மிச்சம் வழியாக ஓடும் ஆறு

ரூட்டிங், கொலியர்ஸ் வூட், மிச்சம், குறொய்டன் பக்கம் வளர்ந்தவர்கள் எல்லோரும் வொண்டில் ஆற்றைக் குறைந்தது நூறு தடவையாவது கடந்திருப்பீர்கள். டிராமில் போகும்போது ஒரு சின்னப் பாலம் வரும். கீழே முழங்கால் அளவு தண்ணீர், பச்சைப் பாசி, சில நேரம் ஒரு சுப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி. அதுதான் வொண்டில். சின்ன வயதில் நான் அதை வாய்க்கால் என்றே நினைத்திருந்தேன். அம்மா அதை ஆறு என்று சொன்னால் அப்பா சிரிப்பார். "இதெல்லாம் ஒரு ஆறோ?" என்பார்.

மிச்சம் என்ற ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதிப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒரு சின்னச் சிரிப்பு வரும். லண்டனில் மிஞ்சிப்போனது என்ற மாதிரி இருக்கும். அந்த ஆற்றின் கதையைப் படித்த பிறகு, அந்தப் பெயர் அதற்கு நன்றாகவே பொருந்துகிறது என்று தோன்றியது. மழை இல்லாத கோடைக் கிழமைகளில் மிச்சத்தில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி, குறொய்டன், சட்டன் பக்கத்து வீடுகளின் குளியலறைகளில் இருந்தும் கக்கூஸ்களில் இருந்தும் போனது. பெடிங்டன் என்ற இடத்தில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கே சுத்தம் செய்யப்பட்டு, குழாய் வழியாக ஆற்றுக்குள் விடப்படுகிறது. அந்த நிலையத்தை மூடினால் நாற்றம் போகலாம். கூடவே ஆற்றின் பெரும்பகுதியும் போய்விடும்.

இது எப்படி வந்தது என்பதைச் சொல்ல ஏறக்குறைய 200 வருடம் பின்னால் போக வேண்டும்.

முதலில் கல்லைப் பற்றி. லண்டனுக்குத் தெற்கே இருக்கும் குன்றுகள் சோக்கால் ஆனவை. வகுப்பறைப் பலகையில் எழுதுகிற சோக்குக்குப் பெயர் தந்த அதே மெல்லிய வெள்ளைச் சுண்ணக்கல்தான். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி, மாதக் கணக்கில் ஊறி, வடிகட்டப்பட்டு, குன்றின் அடிவாரத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. குறொய்டனிலும் கார்ஷோல்ட்டனிலும் அப்படி வந்த ஊற்றுகள் சேர்ந்ததுதான் வொண்டில். அங்கிருந்து சுமார் 14 கிலோமீற்றர் ஓடி வொண்ட்ஸ்வேர்த்தில் தேம்ஸில் விழுகிறது. இந்த வகைச் சோக் ஆறுகள் உலகத்திலேயே ஏறக்குறைய 200தான் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இங்கிலாந்தில். கோடையிலும் குளிர்ந்து, கண்ணாடி மாதிரித் தெளிந்து ஓட வேண்டிய ஆறுகள் இவை.

யாழ்ப்பாணத்தில் கீரிமலைக் கேணியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கேயும் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழை உள்ளே இறங்கி, கடற்கரையில் நல்ல தண்ணீராக ஊறி வருகிறது. கார்ஷோல்ட்டன் குளத்துக்கும் கீரிமலைக்கும் அடிப்படை ஒன்றுதான். இதை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

வொண்டில் சின்ன ஆறு என்றாலும் வேகமான ஆறு. வேகமாக ஓடும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும். ஆகவே 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இந்தச் சில மைல்களுக்குள் பல டசின் ஆலைகள் இருந்தன: மாவு, எண்ணெய், காகிதம், செம்பு, மூக்குத்தூள், வெடிமருந்து, இவற்றோடு துணி. துணி என்ற இடத்தில் நான் கொஞ்சம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் இங்கே நம்முடைய ஆட்கள் வருகிறார்கள்.

17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் இருந்து அச்சடித்த, வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகளைக் கிழக்கிந்தியக் கம்பனி இங்கே கொண்டுவந்து விற்றது. இங்கிலாந்து மக்கள் அதற்குப் பைத்தியமானார்கள். தோய்த்தாலும் போகாத சிவப்பு அவர்களுக்குப் புதிது. அந்தச் சிவப்பு பெரும்பாலும் சாயவேரில் இருந்து வந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணலுக்குள் தோண்டி எடுத்த வேர் அது. ஒல்லாந்தர் காலத்தில் அதை வாங்கி விற்கும் உரிமை அரசின் கையில் இருந்தது. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தெழுந்ததால் இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1700இலும் 1721இலும் சட்டம் போட்டு இந்தத் துணிகளைத் தடுத்தது. அதற்கிடையில் இங்கேயே அந்த வேலையைப் பழகிக்கொண்டார்கள். பழகிய இடங்களில் ஒன்று வொண்டில் கரை. மிச்சத்திலும் மேர்ட்டனிலும் வயல் வயலாகத் துணியை விரித்து வெளுத்தார்கள், அச்சடித்தார்கள், ஆற்றில் அலசினார்கள். பிறகு 1881இல் வில்லியம் மொரிஸ் தன்னுடைய துணிப் பட்டறையை மேர்ட்டன் அபிக்குக் கொண்டுவந்ததற்கும் இந்த ஆற்றுத் தண்ணீர்தான் காரணம். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் கூடுகிற மேர்ட்டன் அபி மில்ஸ் சந்தையில் சுற்றுகிற தண்ணீர்ச் சக்கரம், அந்தத் துணித் தொழிலின் மிச்சம்.

ஆலைகள் ஆற்றை அழுக்காக்கின, சந்தேகமில்லை. சாயத்தோடு அமிலமும் வெளுப்பு மருந்தும் தண்ணீருக்குள் போயின. ஆனால் ஆலைக்காரனுக்கு ஆறு வேண்டும். மேலே இருப்பவன் நாசமாக்கினால் கீழே இருப்பவனுடைய துணி கெட்டுவிடும். அதனால் ஆற்றைப் பற்றிக் கவலைப்படவும் சண்டை போடவும் ஆட்கள் இருந்தார்கள். பெரிய அடி வந்தது வேறு பக்கத்தில் இருந்து.

குறொய்டன் 1801இல் ஏறக்குறைய 6,000 பேர் இருந்த சந்தை ஊர். 1839இல் ரயில் வந்தது. 1851இல் 20,000 பேர். வீடுகளுக்குப் பின்னால் ஒரு மலக்குழி. அதே வளவுக்குள் கிணறு. ஆற்றின் தலையூற்றுகள் இருந்த பழைய ஊர்ப்பகுதி தாழ்வானது, ஈரமானது; அங்கே இரண்டும் ஒன்றோடொன்று கலந்தன. காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்துகொண்டே இருந்தன.

1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. அடுத்த வருடமே குறொய்டன் தனக்கென ஒரு சுகாதாரச் சபையை அமைத்தது. அந்தச் சட்டத்தின் கீழ் முதன்முதலாக அமைந்தவற்றில் அதுவும் ஒன்று. நாட்டுக்கே முன்மாதிரியாக இருக்கப்போகிறோம் என்ற ஆர்வம் அவர்களுக்கு. 1851 டிசம்பரில் சறே ஸ்ரீட்டில் நீரேற்று நிலையம் திறந்தார்கள். கோட்டை மாதிரி இருக்கும் அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதியை இன்றும், மரக்கறிச் சந்தைக்குப் பின்னால் போனால் பார்க்கலாம். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர், வீட்டுக்கு வீடு கழுவி விடும் கக்கூஸ். கழிவைக் கொண்டுபோக, மெருகிட்ட மண்குழாய்கள். அந்தக் காலத்துப் புதிய கொள்கைப்படி, குழாய் சின்னதாக இருந்தால் தண்ணீர் வேகமாகப் போகும், அடைப்பு வராது.

அடைப்பு வந்தது. குழாய்கள் உடைந்தன. 1852, 53இல் ஊரில் பெரிய காய்ச்சல் பரவியது. முன்மாதிரி ஊரிலேயே ஏன் இப்படி என்று கேட்டு, அரசு நீல் ஆர்னொட் என்ற மருத்துவரையும் தோமஸ் பேஜ் என்ற பொறியியலாளரையும் விசாரணைக்கு அனுப்பியது. கொள்கையை எழுதியவர்களுக்கும் குழாயைத் தோண்டியவர்களுக்கும் இடையில் பெரிய வாக்குவாதம் நடந்தது. அதை முழுதாகச் சொன்னால் நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிடுவீர்கள்.

முக்கியமான கேள்வி அதற்குள் ஒளிந்திருந்தது. குழாய் நன்றாக வேலை செய்தாலும், அதன் மறுமுனை எங்கே போகிறது? குறொய்டனின் குழாய் வொண்டிலுக்குள் போனது. அதுவரைக்கும் ஒவ்வொரு வீட்டின் அழுக்கும் அந்த வீட்டுக் குழியிலேயே கிடந்தது. கெட்டது அந்த வீட்டுக் கிணறு. இப்போது 20,000 பேரின் அழுக்கு ஒரே இடத்தில், ஒரு சின்ன ஆற்றின் தலைமாட்டிலேயே விழுந்தது. ஊர் சுத்தமானது, ஆறு செத்தது. லண்டனிலும் இதே கதைதான் பெரிய அளவில் நடந்தது. 1858 கோடையில் தேம்ஸின் நாற்றம் தாங்க முடியாமல் பாராளுமன்றமே தடுமாறியதும், அதன் பிறகு பசல்ஜெட் பெரிய சுரங்கக் குழாய்களைக் கட்டியதும் உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருப்பார்கள். அந்தக் குழாய்களும் முதலில் அழுக்கைக் கிழக்கே தள்ளிவிட்டன, அவ்வளவுதான். சுத்தம் செய்யவில்லை.

குறொய்டனுக்குக் கீழே ஆற்றோரத்தில் இருந்தவர்கள் பணக்காரர்கள். ஆலை முதலாளிகள், மீன் பிடிக்க ஆற்றங்கரை வைத்திருந்த கனவான்கள். ஆகவே அவர்கள் நீதிமன்றம் போனார்கள். இந்த இடத்தில் எனக்கு ஒரு கசப்பான எண்ணம் வரும்: கீழே இருந்தவர்கள் ஏழைகளாக இருந்திருந்தால் வழக்கு நடந்திருக்குமா? தமிழ்நாட்டில் நொய்யல் ஆற்றோர விவசாயிகளைப் பாருங்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் தண்ணீர் அவர்களுக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையையே சாயக்குட்டையாக்கியது. அணை 1992இல் திறந்தது. நூற்றுக்கணக்கான பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் கடுமையாக உத்தரவிட்டது 2011 ஜனவரியில். அவர்கள் காத்திருந்த காலம் அவ்வளவு.

குறொய்டன் சபைக்கு வழக்குச் செலவும் நட்டஈட்டுப் பயமும் தாங்க முடியவில்லை. 1860ஐ ஒட்டி அவர்கள் பெடிங்டனில் நிலம் எடுத்தார்கள். கழிவுநீரை வாய்க்கால் வெட்டி வயல்களுக்குப் பாய்ச்சினார்கள். இத்தாலியப் புல் விதைத்தார்கள். அது வருடத்துக்குப் பல தடவை அறுக்கலாம் போல வளர்ந்தது, மாடுகள் தின்றன. மண் அழுக்கைப் பிடித்துக்கொண்டது, வடிந்த தண்ணீர் தெளிவாக ஆற்றுக்குப் போனது. அல்பிரட் காப்பென்டர் என்ற குறொய்டன் மருத்துவர் இந்தப் பண்ணைக்காக வாழ்நாள் முழுக்க வாதாடினார். அழுக்கு என்று நீங்கள் தூக்கி எறிவது உண்மையில் பசளை, தவறான இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் என்பது அவருடைய கட்சி. எருவை மண்ணுக்குக் கொடுத்துப் பழகிய எங்கள் தாத்தாமாருக்கு இது ஒன்றும் புதுமையாக இருந்திருக்காது. ஆனால் அந்தக் காலத்தில் பெடிங்டனைப் பார்க்கப் பல இடங்களில் இருந்தும் பொறியியலாளர்கள் வந்தார்கள்.

பண்ணை நல்ல யோசனை. ஆனால் மண்ணுக்கு ஒரு கொள்ளளவு உண்டு. 1901இல் குறொய்டனில் ஒரு இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல் மக்கள். புல்லுக்குத் தேவைப்படாத நாளிலும், மழை பெய்து வயல் ஊறிக் கிடக்கும் நாளிலும் கழிவுநீர் வந்துகொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று அதற்குத் தெரியாது.

அடுத்த படி கணக்கில் இருந்து வந்தது. ஆற்றுக்குள் விடும் தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்? 1898இல் அரசு ஒரு ஆணைக்குழுவை அமைத்தது. அது 1915 வரை வேலை செய்தது. 1912இல் அது சொன்ன அளவுகள் உலகம் முழுக்கப் பரவின. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், ஏனென்றால் இதற்குள்தான் வொண்டிலின் தலையெழுத்து இருக்கிறது.

மலம் ஆற்றில் விழுந்தால் மீன் சாவது விஷத்தால் மட்டுமல்ல, மூச்சுத் திணறியும்தான். ஒரு லீற்றர் ஆற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் ஏறக்குறைய 10 மில்லிகிராம்தான். அழுக்கைத் தின்னும் பக்டீரியாக்கள் பெருகும்போது அந்த ஒட்சிசனை எல்லாம் அவையே எடுத்துவிடும். ஆகவே ஆணைக்குழு இப்படி அளந்தது: தண்ணீரை ஒரு போத்தலில் ஐந்து நாள் மூடி வையுங்கள். அதற்குள் அது எவ்வளவு ஒட்சிசனைத் தின்கிறது என்று பாருங்கள். லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. மிதக்கும் துகள் 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஏன் ஐந்து நாள்? பிரித்தானியாவில் எந்த ஆற்றுத் தண்ணீரும் அதற்குள் கடலுக்குப் போய்விடும் என்பதால் என்று சொல்வார்கள்.

அந்த அளவோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. ஒரு பங்கு கழிவுநீருக்கு, ஆற்றில் குறைந்தது எட்டுப் பங்கு நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். வொண்டிலில் அந்த எட்டுப் பங்கு கிடையாது. ஊற்றுத் தண்ணீரில் நிறையக் குடிப்பதற்கென்று நிலத்துக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. குழாய் வழியாக வீட்டுக்குப் போய், வீட்டில் இருந்து பெடிங்டனுக்குப் போய், பிறகுதான் ஆற்றுக்கு வருகிறது. அதாவது ஆறு எங்கள் வீடுகளைச் சுற்றி வந்துதான் தன்னுடைய படுக்கைக்குப் போகிறது. கலந்து மெலிய வைக்க வேறு தண்ணீர் இல்லாததால், இங்கே சுத்திகரிப்பு நிலையம் ஒரு நாள் தவறினாலும் ஆறு தவறும்.

1914இல் மன்செஸ்டரில் ஆர்டேன், லொக்கட் என்ற இருவர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கழிவுநீருக்குள் காற்றை ஊதினார்கள். பக்டீரியாக்கள் கட்டி கட்டியாகச் சேறாகப் படிந்தன. சாதாரணமாக அந்தச் சேற்றை வெளியே கொட்டிவிடுவார்கள். இவர்கள் அதை வைத்துக்கொண்டு, அடுத்த தொகுதிக் கழிவுநீரை அதன் மேலேயே ஊற்றினார்கள். தோசைக்கு அரைக்கும்போது பழைய மாவில் ஒரு கரண்டி சேர்ப்பது மாதிரி. முதலில் வாரக் கணக்கில் எடுத்த வேலை, சில மணி நேரத்தில் முடிந்தது. இன்றைக்கு உலகத்தின் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் பெரும்பாலானவை இந்த முறையைத்தான் ஏதோ ஒரு வடிவத்தில் பயன்படுத்துகின்றன. முதலில் கம்பி வலையில் துணி, பிளாஸ்டிக், வெட் வைப்ஸ் எல்லாம் நிற்கும் (பைக்கற்றில் என்ன எழுதியிருந்தாலும் தயவுசெய்து கக்கூஸுக்குள் போடாதீர்கள்). பிறகு ஒரு தொட்டியில் பாரமானவை அடியில் படியும். பிறகு காற்று ஊதும் தொட்டி. பிறகு சேறு படிய இன்னொரு தொட்டி. வொண்டில் மாதிரி ஆற்றுக்கு அதுவும் போதாது. கடைசியில் இன்னும் ஒரு தடவை வடிகட்ட வேண்டும்.

முறை தெரிந்திருந்தது என்பதால் ஆறு உடனே பிழைத்துவிடவில்லை. சனம் கூடியது, கரையோரத் தொழிற்சாலைகள் கூடின, போர் வந்தது, பணம் இல்லை. கொலியர்ஸ் வூட் பக்கத்தில் இன்னொரு கழிவுநீர் நிலையமும் இருந்தது. 1960களில் வொண்டிலை அதிகாரபூர்வமாகவே திறந்த சாக்கடை என்று அறிவித்தார்கள். தோற்பட்டறைச் சாயத்தில் ஆறு ஒரு நாள் ஒரு நிறத்திலும் மறுநாள் இன்னொரு நிறத்திலும் ஓடியதை, இங்கே வளர்ந்த வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். பெரிய மாற்றம் அதன் பிறகு, சட்டங்கள் இறுகி, பெடிங்டன் திருத்திக் கட்டப்பட்ட பிறகுதான் மெல்ல மெல்ல வந்தது. கொலியர்ஸ் வூட் நிலையம் மூடப்பட்டு இன்று வொண்டில் மெடோ என்ற புல்வெளியாக இருக்கிறது. பலர் அங்கே நாயை நடத்திக்கொண்டு போகிறார்கள், காலுக்குக் கீழே என்ன இருந்தது என்று தெரியாமல்.

குளோரீனைப் பற்றிச் சொல்ல இரண்டு கதைகள் இருக்கின்றன, 70 வருட இடைவெளியில்.

1937 இலையுதிர் காலத்தில் குறொய்டனில் நெருப்புக்காய்ச்சல் வந்தது. டைபொயிட் என்பதை ஊரில் அப்படித்தான் சொல்வோம். 341 பேருக்கு நோய். 43 பேர் இறந்தார்கள். காரணத்தைத் தேடிப் போனபோது அது அடிங்டன் என்ற இடத்துக் கிணற்றில் முடிந்தது. ஊருக்குக் குடிதண்ணீர் கொடுத்த ஆழ்கிணறு. உள்ளே திருத்த வேலை நடந்தது. இறங்கிய வேலையாட்களில் ஒருவருக்கு வெளியே ஒரு நோயும் தெரியவில்லை, ஆனால் உடம்புக்குள் கிருமி இருந்தது. அவருக்கே அது தெரியாது. அந்த நாட்களில் அந்தத் தண்ணீருக்கு வடிகட்டலும் குளோரீனும் நிறுத்தப்பட்டிருந்தன. பொறியியலாளருக்குத் தெரிந்தது சுகாதார அதிகாரிக்குத் தெரியாது, ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. அந்த மரணங்களுக்குப் பிறகுதான் நாடு முழுக்கக் குடிநீருக்குக் குளோரீன் போடுவது வழக்கமாக இறுகியது.

இரண்டாவது, 2007 செப்டெம்பர் 17. பெடிங்டனில் கடைசி வடிகட்டிகளை, அதாவது ஆற்றை இன்னும் சுத்தமாக வைத்திருக்கப் போட்டிருந்த அந்த வடிகட்டிகளையே, குளோரீன் சேர்ந்த வெளுப்புத் திரவத்தால் கழுவினார்கள். அந்தத் திரவம் தவறுதலாக ஆற்றுக்குள் போனது. ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றருக்கு ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. பூச்சிகள், இறால் மாதிரிச் சிறு உயிர்கள் எல்லாம் போயின. 2000ஆம் ஆண்டளவில் இருந்து ஒரு சிறு குழுவாகத் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றுக்குள் இறங்கிக் குப்பை அள்ளி, மீன் விட்டு வளர்த்துவந்த தொண்டர்கள் கரையில் நின்று அதைப் பார்த்தார்கள். ஏழு வருட வேலை ஒரு நாளில் போனது.

தேம்ஸ் வோட்டர் கம்பனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2009இல் நீதிமன்றம் 125,000 பவுண் தண்டம் போட்டது. 2010இல் மேல்முறையீட்டில் அது 50,000 பவுணாகக் குறைந்தது. ஆற்றைத் திருத்துவதற்குக் கம்பனி தானாகவே பெரிய தொகையை, ஐந்து இலட்சம் பவுண் அளவில், கொடுக்க முன்வந்ததை நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்கள். தண்டத்தைக் குறைத்தது சரியா என்று நீங்கள் வாதாடலாம். என்னைக் கேட்டால், அரசாங்கக் கஜானாவுக்குப் போகும் தண்டத்தை விட ஆற்றுக்குப் போன பணம் மேல். அந்தப் பணத்தில் மீன் ஏறிப் போக வழிகள் கட்டப்பட்டன, கரைகள் திருத்தப்பட்டன, மீன் திரும்ப விடப்பட்டது. இன்று மிச்சத்தில் பாலத்தில் நின்று பொறுமையாகப் பார்த்தால் மீன் தெரியும். சில இடங்களில் புள்ளி போட்ட ட்ரவுட் கூட உண்டு. அந்தத் தொண்டர் குழு இன்று தென்கிழக்கு இங்கிலாந்து ஆறுகளுக்கான ஒரு அறக்கட்டளையாக வளர்ந்திருக்கிறது.

கதை அதோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2025 பெப்ரவரியில் ஒரு பஸ் தரிப்பிடத்தில் இருந்து டீசல் வொண்டிலுக்குள் கசிந்தது. அதே வருடம் மே மாதம், கழிவுநீர் விடயங்களிலும் பங்குலாபம் கொடுத்த விடயத்திலும் விதிகளை மீறியதற்காக தேம்ஸ் வோட்டர் மேல் 122.7 மில்லியன் பவுண் தண்டம் விழுந்தது. சரியான மழை பெய்தால் இந்த நாட்டில் பல இடங்களில் இன்றும் கழிவுநீர் நேராக ஆற்றுக்குள் விடப்படுகிறது.

இனி, மனதில் வைத்திருக்கச் சொன்ன கீரிமலை.

சில வருடங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டில் நின்றபோது கிணற்றில் தண்ணீர் அள்ளி அப்படியே குடிக்கப் போனேன். அம்மம்மா வாளியை வாங்கி வைத்துவிட்டா. "இப்ப இதைக் குடிக்கிறேல்லை, பிள்ளை. குளிக்கலாம்" என்றா. அவ பிறந்ததில் இருந்து குடித்த தண்ணீர் அது. முன்பு அந்தச் சுற்றுவட்டாரத்தில் நாலைந்து வீடு. இப்போது வளவுகள் துண்டு துண்டாகி, மதிலுக்கு மதில் வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு, ஒரு மலசலகூடக் குழி. மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குழி. தூரம் விட்டுக் கட்டு என்று சொல்லலாம். விடுவதற்கு நிலம் எங்கே? கீழே சுண்ணாம்புக்கல், வெடிப்பும் துவாரமும் உள்ளது. குழியில் இருந்து இறங்குவது கிணற்றுக்குப் போக அதிக நேரம் தேவையில்லை. தோட்டத்துக்குப் போடும் உரமும் அதோடு சேர்கிறது. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருப்பதை ஆய்வாளர்கள் பல வருடமாக எழுதிவருகிறார்கள்.

அந்த வளவில் நின்றபோது எனக்கு 1849இன் குறொய்டன் ஞாபகம் வந்தது. அதே கல், அதே கிணறு, அதே குழி. ஒரு வித்தியாசம் உண்டு. யாழ்ப்பாணத்தில் வழுக்கியாற்றை விட்டால் ஆறு என்று ஒன்று கிடையாது. அதுவும் மாரியில் மட்டும் ஓடும். குறொய்டன்காரர் அழுக்கைக் கீழே இருந்தவர்களுக்குத் தள்ளிவிட்டார்கள், அவர்கள் வழக்குப் போட்டதால் ஒரு வழி பிறந்தது. யாழ்ப்பாணத்தில் கீழே இருப்பவன் என்று ஒருவன் இல்லை. தள்ளுகிறவனும் குடிக்கிறவனும் ஒரே ஆள். யார் மேல் வழக்குப் போடுவது?

குடிதண்ணீருக்கு வேறு வழி தேடியிருக்கிறார்கள். இரணைமடுக் குளத்தில் இருந்து கொண்டுவரும் திட்டத்துக்குக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள். நல்லது. ஆனால் குழாயில் தண்ணீர் வந்தால் வீட்டில் பாவனை கூடும், பாவனை கூடினால் குழிக்குப் போவதும் கூடும். 1851இல் சறே ஸ்ரீட்டில் தண்ணீர் திறந்தபோது குறொய்டனில் நடந்தது அதுதான். நகரம் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாயும் சுத்திகரிப்பும் யாழ்ப்பாணத்துக்கு இன்னும் வரவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குறொய்டனுக்கே தண்ணீர்க் குழாயில் இருந்து உயிருள்ள ஆறு வரை வர ஒன்றரை நூற்றாண்டு எடுத்தது.

திரும்பி வந்த பிறகு, ஒரு ஜனவரிக் காலையில் பெடிங்டன் தண்ணீர் ஆற்றில் சேரும் பக்கமாக நடந்தேன். ஹக்பிரிட்ஜுக்கும் மிச்சத்துக்கும் இடையில், கரையோரப் பாதையில் போனால் வரும். வீடுகளில் இருந்து வரும் தண்ணீர் ஆற்றை விடக் கொஞ்சம் சூடு. அதனால் குளிர் நாளில் அந்த இடத்துக்குக் கீழே ஆற்றின் மேல் மெல்லிய ஆவி எழும். குனிந்து மணந்து பார்த்தேன். சவர்க்காரம் மாதிரி ஒரு மெல்லிய மணம், வேறொன்றும் இல்லை. ஒரு வயதான வெள்ளைக்காரர் தூண்டிலோடு நின்றார். என்ன மீன் என்று கேட்டேன். இன்னும் ஒன்றும் இல்லை, ஆனால் இருக்கிறது என்றார்.